பூனைக்குட்டி கொண்டுவந்த படர்தாமரை: குழந்தை, பூனை, வீடு மூன்றுக்கும் சேர்த்து வைத்தியம்

தெருவில் கத்திக்கொண்டிருந்த குட்டியைப் பிள்ளைகள் வீட்டுக்குத் தூக்கி வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். மகளின் கழுத்தோரம் ஒரு ரூபாய்க் காசு அளவில் சிவப்பாக ஒரு வட்டம். நாலு நாளில் முன்கையில் இன்னொன்று. அரிப்பு தாங்காமல் சொறிந்துகொண்டே இருக்கிறாள். குட்டியின் காது ஓரத்தில் முடி கொட்டியிருப்பது அப்போதுதான் கண்ணில் படுகிறது. உடனே பல வீடுகளில் நடப்பது இரண்டு காரியம். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஒரு டியூப் வாங்கிப் பூசுகிறார்கள். குட்டியைப் பையில் போட்டு நாலு தெரு தள்ளி விட்டுவிட்டு வருகிறார்கள்.

இரண்டுமே வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் மருத்துவச் சீட்டு கேட்காமல் கொடுக்கும் டியூப் பெரும்பாலும் நோயை மறைத்து வளர்க்கும். குட்டியை விரட்டினாலும் அது உதிர்த்த முடி உங்கள் பாயிலும் சோபாவிலும் அப்படியேதான் இருக்கும். தெருவுக்குப் போன குட்டி இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கும் ஒட்டவைக்கும்.

படர்தாமரை உயிருக்கு ஆபத்தில்லாதது, முழுமையாகக் குணமாவது. ஆனால் குழந்தை, பூனை, வீடு மூன்றையும் ஒரே சமயத்தில் கவனிக்க வேண்டும். ஒன்றை விட்டால் அங்கிருந்து மற்ற இரண்டுக்கும் திரும்பி வரும். இந்த அத்தியாயம் முழுக்க அந்த மூன்று வேலைகளைப் பற்றியதுதான்.

தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு மட்டும்

பூனையிடமிருந்து வரும் படர்தாமரைக்குப் பெரும்பாலும் காரணம் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. தோலின் மேலடுக்கு, முடி, நகம் ஆகியவற்றில் உள்ள கெரட்டின்தான் இதற்குச் சாப்பாடு. நோயுள்ள பூனையின் முடி ஒடிந்து உதிரும்போது அதில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை வித்துகள் ஒட்டியிருக்கும். பூனையைத் தொட்டாலும் வரும். அந்த முடி கிடக்கும் தலையணையில் தலை வைத்தாலும் வரும். ஒட்டியபின் மனிதத் தோலில் தெரிய ஒன்றிரண்டு வாரமும், பூனையின் மேல் தெரிய ஒன்று முதல் மூன்று வாரமும் ஆகலாம். வித்துகள் உகந்த சூழலில் 18 மாதம் வரைகூடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் தரையிலோ துணியிலோ அவை பெருகுவதில்லை. பெருக உயிருள்ள உடம்பு வேண்டும். ஆகவே சுத்தம் செய்தால் தீரும் என்று நம்பி வேலையில் இறங்கலாம்.

குட்டிகளுக்கும், பாரசீகப் பூனை போன்ற நீள முடிப் பூனைகளுக்கும் இது எளிதில் வரும். வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் வித்துகளைச் சுமந்து திரியும் பூனைகளும் உண்டு. "எங்கள் பூனை பளபளவென்று இருக்கிறதே" என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

முதலில்: இது படர்தாமரைதானா?

பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் பிள்ளையை உட்கார வைத்துப் பாருங்கள்.

1. வட்டத்தின் ஓரத்தைக் கவனியுங்கள். படர்தாமரையில் ஓரம்தான் சிவந்து, சற்றே மேடாக, மெல்லிய செதிலோடு இருக்கும். நடுப்பகுதி தெளிந்து பழைய தோலின் நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். விரலால் மெல்லத் தடவினால் ஓரத்தின் சொரசொரப்பு தெரியும்.

2. எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். குட்டியைத் தூக்கி அணைக்கும் இடங்களான கழுத்து, கன்னம், முன்கை, மார்பு ஆகியவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட சிறு வட்டங்கள் இருந்தால் பூனை மேல் சந்தேகப்படலாம்.

3. தலையைக் கட்டாயம் பாருங்கள். முடியைச் சீப்பால் வகிர்ந்து வகிர்ந்து, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தேடுங்கள். இந்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. ஏன் என்பது பின்னால் வருகிறது.

4. வீட்டில் மற்றவர்களையும் கேளுங்கள். அப்பாவுக்கோ மாமாவுக்கோ தொடை இடுக்கில், இடுப்பில் மாதக்கணக்கில் அரிப்பும் வளையமும் இருந்தால் பிள்ளைக்கு அவரிடமிருந்தும் வந்திருக்கலாம். இந்தியாவில் இப்போது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் படர்தாமரை மிக அதிகம். அதில் ஒரு வகை வழக்கமான மருந்துகளுக்கு எளிதில் கட்டுப்படாது. பழியைப் பூனை மேல் போட்டுவிட்டு வீட்டுப் பெரியவரை விட்டுவிட்டால் நோய் வீட்டைவிட்டுப் போகாது.

வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரை அல்ல. பிள்ளைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய, அரிப்பில்லாத திட்டு வேறு. ஈரம் கசியும் காசு வடிவக் கரப்பான் வேறு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வெளிறியோ சிவந்தோ உள்ள திட்டில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். எந்தக் களிம்பும் பூசாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே சிகிச்சை இலவசம், முழுமையாகக் குணமாகும்.

நேரே மருத்துவரிடம் போக வேண்டியவர்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு முயற்சி வேண்டாம். தோல் மருத்துவரையோ குழந்தை மருத்துவரையோ பாருங்கள்.

– தலையில், புருவத்தில், கண்ணிமை அருகில் அல்லது நகத்தில் வந்திருந்தால்
– குழந்தைக்கு 2 வயது நிறையாவிட்டால்
– நாலைந்து வட்டங்களுக்கு மேல் இருந்தால், அல்லது வேகமாகப் பரவினால்
– சீழ், வலி, காய்ச்சல், நெறி கட்டுதல் இருந்தால்
– குழந்தைக்கு நீரிழிவு இருந்தால், அல்லது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால்
– ஏற்கெனவே பெயர் தெரியாத களிம்பு எதையாவது பூசியிருந்தால் (அந்த டியூபைக் கையோடு எடுத்துப் போங்கள்)

மருத்துவர் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார். அன்றே விடை தெரியும் எளிய சோதனை. சிலர் வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கை இருட்டறையில் அடித்துப் பார்ப்பார்கள். மைக்ரோஸ்போரம் கேனிஸ் பிடித்த முடித்தண்டு பச்சை ஆப்பிள் நிறத்தில் ஒளிரும். ஆனால் எல்லா நேரமும் ஒளிராது. ஒளிரவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. களிம்பும் பஞ்சு நூலும்கூட இந்த வெளிச்சத்தில் மின்னும் என்பதால், ஆன்லைனில் வாங்கிய டார்ச்சை வைத்து வீட்டில் முடிவு கட்ட வேண்டாம்.

வேலை ஒன்று: குழந்தையின் தோல்

கை, கால், உடம்பில் ஒன்றிரண்டு சிறு வட்டங்கள்தான் என்றால் பூசு மருந்தே போதும். குளோட்ரிமசோல் 1% அல்லது மைக்கோனசோல் 2% களிம்பு இதற்குப் பழகிய, விலை குறைந்த மருந்து. வாங்கும்போதே ஒரு சோதனை செய்துவிடுங்கள்.

டியூபின் பின்பக்கம் மருந்தின் சேர்க்கை அச்சிட்டிருக்கும். எழுத்து பொடியாக இருந்தால் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் ஒரே ஒரு மருந்தின் பெயர் இருக்க வேண்டும். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன் இவற்றில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்டீராய்டு பூசிய இரண்டு மூன்று நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடும். "நல்ல மருந்து" என்று வீடே நம்பும். பூஞ்சை சாகவில்லை, அதை எதிர்த்துப் போராடிய தோலின் கைதான் கட்டப்பட்டிருக்கிறது. வளையத்தின் ஓரம் மங்கி, நோய் அடையாளம் தெரியாமல் விரியும். நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும். பிள்ளையின் மெல்லிய தோல் நாளடைவில் இன்னும் மெலிந்து, நிரந்தர வரித்தழும்பும் விழும். இந்தக் கலப்புக் களிம்புகள் கைக்குக் கை மாறுவதால்தான் நம் ஊரில் படர்தாமரை இத்தனை பிடிவாதமாகிவிட்டது என்று தோல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மருத்துவச் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது. விற்கிறார்கள் என்பதால் வாங்கிவிடாதீர்கள்.

பூசும் முறை:

1. சோப்புப் போட்டு உங்கள் கையைக் கழுவுங்கள். பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

2. வட்டத்தைச் சாதாரண சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, தனித் துண்டால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். ஈரம் முழுக்கக் காயட்டும்.

3. களிம்பை மெல்லியதாக, வட்டத்துக்கு வெளியே 2 செ.மீ. தள்ளி நல்ல தோலில் தொடங்கி உள்நோக்கித் தடவுங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் ஓரத்தையும் தாண்டி இருக்கும். சிவப்பின் மேல் மட்டும் பொட்டு வைப்பதுபோல் பூசுவதுதான் பலரும் செய்யும் தவறு.

4. காலை ஒன்று, இரவு ஒன்று என தினம் 2 முறை. பூசியபின் மீண்டும் கை கழுவுங்கள்.

5. வட்டம் மறைந்தபின் நிறுத்தாதீர்கள். மேலும் 1 முதல் 2 வாரம் தொடருங்கள். மொத்தத்தில் ஏறக்குறைய 4 வாரம் ஆகும். காலண்டரில் தொடங்கிய தேதியை வட்டமிட்டு வையுங்கள். இல்லையென்றால் பத்தாம் நாளே மறந்துவிடும்.

6. 2 வாரம் ஒழுங்காகப் பூசியும் குறையவில்லை என்றால் களிம்பை மாற்றி மாற்றிப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.

குறிப்பு: வட்டத்தின் மேல் காற்றுப் புகாத பிளாஸ்டர் ஒட்ட வேண்டாம். உள்ளே வியர்த்தால் பூஞ்சைக்குத்தான் வசதி. பள்ளிக்குப் போகும்போது முழுக்கைச் சட்டையோ மெல்லிய பருத்தித் துணியோ போதும். மருந்து தொடங்கியபின் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சீப்பு, தொப்பி, துண்டு பகிர வேண்டாம் என்று பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள்.

கைவைத்தியம் பற்றி

சீமை அகத்தி இலையைப் படர்தாமரைக்கு அரைத்துப் பூசுவது நம் ஊரில் நெடுநாள் பழக்கம். பூஞ்சையைத் தடுக்கும் பொருள் அந்த இலையில் உண்டு என்பதும் உண்மை. ஆனால் அம்மியில் அரைத்த விழுதில் அந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க முடியாது. குழந்தையின் தோலில் எரிச்சல் வந்து, எது நோய், எது புண் என்று தெரியாமல் போகும். பூண்டை நசுக்கி வைத்தால் தோல் வெந்துபோகும். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் கொப்புளம் வந்து கருந்தழும்பு விழும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, பேனா மை எதுவும் வேண்டாம்.

தலையில் வந்தால்: இது தனிக் கதை

தலைப் படர்தாமரை பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளின் நோய். தலையில் வட்டமாக முடி போயிருந்தால் வீட்டில் முதலில் சொல்வது "புழுவெட்டு". உடனே சின்ன வெங்காயத்தைத் தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்குமுன் நெருங்கிப் பாருங்கள். புழுவெட்டில் தோல் வழுவழுப்பாக, செதிலே இல்லாமல் இருக்கும். பூனைப் பூஞ்சையில் அந்த இடம் சாம்பல் தூவியதுபோல் செதிலோடு இருக்கும். முடி வேரோடு போகாமல், தோலுக்குச் சற்று மேலே ஒடிந்து, மொட்டை மொட்டையாக நிற்கும். பொடுகு என்று நினைத்து ஷாம்பூ மாற்றிக்கொண்டே மாதங்கள் போய்விடுவதும் உண்டு. ஒரே இடத்தில் பொடுகு, அந்த இடத்தில் முடியும் குறைவு என்றால் அது பொடுகு அல்ல.

களிம்பு இங்கே பலிக்காது. பூஞ்சை முடியின் வேர்க்காலுக்குள் இறங்கியிருக்கும். மேலே பூசுவது அங்கே போய்ச் சேராது. வாய்வழி மருந்து கட்டாயம். இந்த வகைப் பூஞ்சைக்குக் கிரிசியோஃபல்வின் நெடுங்காலமாக நன்றாக வேலை செய்யும் மருந்து. எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

1. மருந்தைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுங்கள்: ஆடை எடுக்காத பால், நெய்ச் சோறு, முட்டை. வெறும் வயிற்றில் கொடுத்தால் உடம்பில் சேர்வது குறைவு.

2. 6 முதல் 8 வாரம், சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் ஆகும். மூன்றாம் வாரம் முடி முளைத்துவிட்டது என்று நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

3. மருத்துவர் எழுதிக்கொடுத்தால் கீட்டோகோனசோல் 2% அல்லது செலீனியம் சல்ஃபைடு ஷாம்பூவை வாரம் 2 முறை தேய்த்து, 5 நிமிடம் விட்டு அலசுங்கள். இது நோயைக் குணப்படுத்தாது. வித்துகள் உதிர்ந்து மற்றவர்களுக்குப் பரவுவதைக் குறைக்கும்.

4. சீப்பு, தலையணை உறை, ஹேர்பேண்ட் எல்லாம் தனி. முடி வெட்டும் கடைக்கு இந்த வாரங்களில் போக வேண்டாம்.

5. மருந்து தொடங்கிய சில நாளில் உடம்பின் வேறு இடங்களில் சிறு சிறு அரிப்புப் பொரிகள் வரலாம். பெரும்பாலும் பூஞ்சைக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்வினை அது. மருந்து ஒவ்வாமை என்று நீங்களே முடிவு செய்து நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள். ஆனால் முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மொட்டை அடித்தால் போய்விடும் என்று சொல்வார்கள். போகாது. பூஞ்சை இருப்பது வேர்க்காலுக்குள். சவரக் கத்தியின் சிறு கீறல்கள் அதற்குப் புது வாசல். குலதெய்வம் கோயிலில் மொட்டை நேர்ந்திருந்தால் குணமானபின் வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை: தலையில் மெத்தென்று வீங்கி, தொட்டால் வலித்து, சீழ் கசிந்து, முடி கொத்தாகக் கையோடு வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கட்டி என்று நினைத்துக் கீறவோ பிதுக்கவோ கூடாது. தாமதமானால் அந்த இடத்தில் தழும்பாகி முடி முளைக்காமலே போய்விடும்.

வேலை இரண்டு: பூனை

பூனையைப் பார்க்கும்போது இந்த வரிசையில் பாருங்கள்: காது ஓரம், காதுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட பகுதி, மூக்கைச் சுற்றி, முன்னங்கால், நகக்கண், வால் நுனி. முடி ஒடிந்த திட்டு, சாம்பல் நிறச் செதில், உடைந்த மீசை முடி ஆகியவை அடையாளங்கள். பல பூனைகளுக்கு அரிப்பே இருக்காது.

அடுத்து கால்நடை மருத்துவர். அரசு கால்நடை மருத்துவமனைகளில் பூனைகளையும் பார்ப்பார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. சந்தேகம் இருந்தால் புதிய டூத் பிரஷ் ஒன்றால் பூனையின் உடல் முழுக்கச் சீவி, அதில் ஒட்டிய முடியையும் செதிலையும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். வெளியே அடையாளம் இல்லாத பூனையிலும் இந்தச் சோதனை பூஞ்சையைக் காட்டிக்கொடுத்துவிடும். முடிவு வர 2, 3 வாரம் ஆகலாம். வீட்டில் வேறு பூனையோ நாயோ இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே சோதிக்கச் சொல்லுங்கள்.

நல்ல உடம்புள்ள பூனைக்கு மருந்தே இல்லாமலும் 2 அல்லது 3 மாதத்தில் குணமாகும். "தானாகப் போய்விடும்" என்று சிலர் விட்டுவிடுவது அதனால்தான். ஆனால் அத்தனை நாளும் அது வீடெங்கும் வித்துகளை உதிர்த்துக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் காத்திருப்பது சரியல்ல.

1. எளிதில் கழுவக்கூடிய ஒரு அறையில் பூனையை வையுங்கள். மெத்தை, கம்பளம் இல்லாத, டைல்ஸ் போட்ட, காற்றோட்டமுள்ள அறை நல்லது. படுக்கப் பழைய பருத்தித் துணி போதும். சாப்பாடு, தண்ணீர், மண்தட்டு எல்லாம் அங்கேயே.

2. அடைத்துவைப்பதைத் தண்டனையாக்காதீர்கள். குட்டிகள் மனிதரோடு பழகும் வயது இது. பெரியவர் ஒருவர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு தினமும் சிறிது நேரம் அதனுடன் விளையாட வேண்டும். வெளியே வந்ததும் சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டு, முழங்கைவரை கழுவுங்கள்.

3. மருத்துவர் தரும் மருந்து ஷாம்பூவில் (பெரும்பாலும் மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் சேர்ந்தது) வாரம் 2 முறை குளிப்பாட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர். நுரை தோல்வரை இறங்க வேண்டும். 10 நிமிடமாவது ஊறியபின் அலசுங்கள். கண், காது, வாயில் படாமல் முகத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். குளித்ததும் துண்டில் சுற்றி ஈரம் போக உலர்த்துங்கள். சிறு குட்டிகள் குளிரில் சட்டென்று துவண்டுவிடும்.

4. வாய்வழி மருந்தாக இட்ராகோனசோல் எழுதுவார்கள். ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் விட்டு, மறுபடி கொடுக்கும் முறை வழக்கம். எடை பார்த்துத்தான் அளவு. பிள்ளைக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துப் பூனைக்குக் கொடுக்கக் கூடாது.

5. முடி முளைத்துவிட்டது என்பதற்காக நிறுத்தாதீர்கள். மறுசோதனையில் பூஞ்சை வளரவில்லை என்று மருத்துவர் உறுதி சொன்ன பிறகுதான் அறைக் கதவைத் திறக்க வேண்டும்.

பூனைக்கு விஷமாகும் பொருள்கள்: டீ ட்ரீ எண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய், பினாயில், டெட்டால். பூனை தன் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. மேலே பட்டதெல்லாம் வயிற்றுக்குள் போகும். இவற்றை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் அதன் ஈரலுக்குக் குறைவு. நல்லெண்ணத்தோடு டெட்டால் தண்ணீரில் குளிப்பாட்டி, குட்டியை இழந்த வீடுகள் உண்டு.

குறிப்பு: குளிப்பாட்டும்போது குட்டி கடித்தாலோ கீறினாலோ, காயம் சிறிதென்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். வெறிநோய் பூனையிடமிருந்தும் வரும். அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். இன்னொன்று: கர்ப்பிணிகள் பூனையின் மண்தட்டு சுத்தம் செய்வதை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும்.

வேலை மூன்று: வீடு

மருந்து சரியாகப் போட்டும் படர்தாமரை திரும்பத் திரும்ப வருகிறது என்றால் பெரும்பாலும் தவறு இங்கேதான். விளக்குமாற்றால் பெருக்கினால் முடியும் வித்தும் காற்றில் கிளம்பி, ஃபேன் காற்றில் அறை முழுக்கப் பரவும். ஆகவே வரிசை முக்கியம்.

1. மின்விசிறியை நிறுத்துங்கள். பூனை புழங்கிய அறையில் மேலிருந்து கீழாக வேலை செய்யுங்கள்: ஃபேன் இறக்கை, ஜன்னல் விளிம்பு, அலமாரி மேல்பகுதி, பிறகு தரை.

2. முடியை எடுங்கள். தரைக்கு ஈரத் துணி. சோபா, மெத்தை, கார் சீட்டுக்கு அகலமான ஒட்டு நாடாவைக் கையில் சுற்றி ஒற்றி ஒற்றி எடுக்கலாம். பூனை அறையில் இதைத் தினமும் செய்யுங்கள். முழு வேலையில் முக்கால்வாசி இந்தப் படிதான். இதைச் செய்யாமல் எந்தக் கிருமிநாசினியை ஊற்றினாலும் வீண்.

3. சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். அழுக்கின் மேல் பிளீச் வேலை செய்யாது.

4. கழுவித் துடைக்கக்கூடிய இடங்களில் வாரம் 2 முறை பிளீச். கடையில் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தை 1 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 30 மி.லி. கலந்து, தரை 10 நிமிடம் ஈரமாக இருக்கும்படி துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் துடைத்தெடுங்கள். அன்றன்று கலக்க வேண்டும். நேற்றைய கரைசலில் வீரியம் போயிருக்கும்.

5. தரை காய்ந்து வாடை போகும்வரை பூனையையும் பிள்ளைகளையும் உள்ளே விடாதீர்கள்.

எச்சரிக்கை: பிளீச்சோடு கழிவறை ஆசிட், பினாயில், வேறு எந்தத் திரவத்தையும் கலக்கக் கூடாது. ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. பூனை சிறுநீர் இருக்கும் இடத்தை முதலில் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள், அதில் உள்ள அமோனியாவோடு சேர்ந்தும் நச்சுவாயு வரும். கையுறை போட்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த வேலை வேண்டாம்.

துணிகளுக்கு வெந்நீரோ பிளீச்சோ தேவையில்லை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, பிள்ளையின் உடை, துண்டு ஆகியவற்றை உதறாமல் சுருட்டி எடுத்துப்போய், சோப்புத்தூள் போட்டு நிறையத் தண்ணீரில் 2 முறை துவையுங்கள். மெஷினில் துணியைத் திணிக்காமல், நீளமான சுற்றில் போடுங்கள். வித்துகளைத் துணியிலிருந்து அடித்துக்கொண்டுபோவது சோப்பும் தண்ணீர் அலசலும்தான். பிறகு வெயிலில் முறுகக் காயட்டும். கோரைப்பாயைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். வெயில் துணை செய்யும். ஆனால் துவைக்காமல் வெயிலில் மட்டும் போட்டு எடுப்பதை நம்ப வேண்டாம். ஏசி இருந்தால் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். பூனையின் பிரஷ், துணி பொம்மை, அட்டைப்பெட்டி மூன்றையும் தூக்கிப் போட்டுவிடலாம். புதிதாக வாங்கும் செலவு குறைவு.

அடுத்த குட்டி வரும்போது

தத்தெடுத்ததோ, கடையில் வாங்கியதோ, மழையில் நனைந்துகொண்டு வாசலில் நின்றதோ, எந்தக் குட்டியாக இருந்தாலும் முதல் 3 வாரம் தனி அறை. முதல் வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டி, தடுப்பூசி, குடற்புழு மருந்து இவற்றோடு தோலையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் பிள்ளைகள் தொட்டுக் கொஞ்சட்டும். ஆனால் முகத்தோடு முகம் வைப்பதும், போர்வைக்குள் இழுத்துக்கொண்டு தூங்குவதும் கூடாது. தொட்டுவிட்டு வந்ததும் கை கழுவ வேண்டும். வாரம் ஒருமுறை, மேலே சொன்ன அதே வரிசையில் காது ஓரத்தில் தொடங்கி வால் நுனிவரை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அதே நாளில் பிள்ளைகளின் கழுத்தையும் முன்கையையும் தலைமுடி வகிட்டையும் பார்த்துவிடுங்கள். மூன்றாம் வாரக் கடைசியிலும் எங்கும் திட்டு இல்லை என்றால் குட்டியைக் கூடத்துக்கு விடலாம்.